நத்தை முட்டையும் நமது முகச்சுளிப்பும்



சென்ற மாதம் ஒரு நாள், இஷாவுக்குப் பின் கடையில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தோம். உணவுப் பண்டங்கள் இறக்குமதி செய்யும் தம்பி ஒருவர் வந்து, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "நானா, இது என்னவென்று சொல்லுங்கள்" என்றார். சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளை வெளேரென்று உருண்டை மணிகள். ஜவ்வரிசி என்றார் ஒருவர். முத்து என்றார் மற்றொருவர். "நத்தை முட்டை, பிரான்சு தேசத்துச் சரக்கு. கிலோ 1,500 யூரோவுக்கும் மேல் விற்றிருக்கிறது" என்றார் தம்பி.

உடனே ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முகத்தைத் திருப்பினார். இன்னொருவர் விலையை மறுபடியும் கேட்டார். மூன்றாமவர் சிரித்தார். உண்மையைச் சொன்னால், நமக்கு மூன்றும் ஒருங்கே வந்தன. வணிகம் செய்வோர் இதைப் பற்றிச் சற்று அறிந்திருப்பது நலம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

நத்தை வளர்ப்பு புதிய தொழிலன்று. ரோமாபுரியில் புல்வியுஸ் லிப்பினுஸ் என்பவர் தார்குவினி என்ற ஊரருகே நத்தைகளுக்கென்றே அடைப்புகள் அமைத்து, மாவும் பாகும் கொடுத்துக் கொழுக்க வைத்த செய்தியைப் பிளினி என்ற பண்டைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் நத்தையைப் பூண்டும் வெண்ணெயும் சேர்த்து உண்பது உலகறிந்ததே. முட்டையை விற்கும் எண்ணம் பிற்காலத்தது. 1980களில் ஒரு முறை முயன்றார்கள், எடுபடவில்லை. 2000க்குப் பின், வட பிரான்சில் சுவாசோன் நகரருகே மறுபடியும் தொடங்கினார்கள். இத்தாலியின் சிசிலித் தீவிலும் செய்கிறார்கள்.

இவ்வளவு விலை ஏன்? ஹெலிக்ஸ் அஸ்பெர்ஸா என்று பெயர் பெற்ற அந்த நத்தை, ஈரமண்ணில் குழி பறித்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நூறும் சேர்ந்தால் நாலு கிராம் தேறும். ஒரு கிலோவுக்கு இருநூற்றைம்பது தடவை இட வேண்டும்! அதையும் மண் போகக் கழுவி, கெட்டதைக் கையால் பொறுக்கித் தள்ளி, உப்பு நீரில் பதப்படுத்த வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கேவியர் என்னும் ஸ்டர்ஜன் மீன் முட்டைதான் நெடுங்காலமாகச் செல்வர் விருந்தில் முதலிடம் பெற்றிருந்தது. அளவின்றிப் பிடித்ததால் அம்மீன் அருகிப் போய், 1998ல் அதன் எல்லா இனங்களும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. அந்தக் காலியிடத்தில் பலரும் பல சரக்கை வைக்கப் பார்த்தார்கள். நத்தை முட்டைக்கும் "கேவியர்" என்ற பெயரையே சூட்டினார்கள். பெயரில் பாதி விலை இருக்கிறது என்பது நமது தொழிலில் பழைய பாடம்.

இனி உண்டவர்கள் சொல்வது. மீன் முட்டையின் கடல் வாடையை எதிர்பார்த்து வாயில் வைத்தவர்கள் ஏமாந்து போகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த காட்டில் நடந்தது போல், காளானும் ஈர இலையும் கலந்த மணம் என்று சிலர் புகழ்கிறார்கள். வெறும் மண் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். தோல் சற்றுக் கெட்டி. பல்லில் பட்டதும் வெடிக்கும். அந்த வெடிப்பே இன்பம் என்பவரும் உண்டு, அதனாலேயே துப்பியவரும் உண்டு.

நமக்கு ஏன் குமட்டுகிறது? இந்நாட்டில் நத்தை என்றதும், பப்பாளிச் செடியைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தைதான் நினைவுக்கு வரும். மலாய்க்காரர் அதற்கு வைத்த பெயரே 'சீப்புட் பாபி'. பெயரைக் கேட்டாலே போதும். அதன் உடலில் மூளையைத் தாக்கும் புழுவும் இருக்கக்கூடும். ஆகவே அங்கே அருவருப்பு நன்மையே செய்கிறது. ஆனால் அதே மலாய் அண்டை வீட்டார் சேற்று நத்தையான சீப்புட் செடுட்டைத் தேங்காய்ப் பாலில் சமைத்து உறிஞ்சி உண்பதைப் பார்த்து நம்மில் சிலர் கேலி பேசுவதுண்டு. நமது பூர்வீக ஊர்ப்பக்கத்தில் வயல் நத்தையை ஏழைக் கூலிகள் கறி வைத்தார்கள். மூலத்துக்கு நல்லதென்றும் சொன்னார்கள். அப்போதும் நாம் மூக்கைப் பிடித்தோம். அதுவே வெள்ளித் தட்டில் வந்தால் நாகரிகமோ?

மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாலைவன உடும்பு பரிமாறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லை, தம் ஊரில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் முன்னிலையிலேயே உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. மனம் ஒப்பாமை வேறு, விலக்கு வேறு.

விலக்கைப் பொறுத்தவரை, நம்மிலுள்ள ஷாஃபி, ஹனஃபி மத்ஹபினருக்குத் தரை நத்தை ஆகாது. மாலிக்கி மத்ஹபில், உயிரோடு பிடித்து அவித்தால் கூடும். மொராக்கோவின் மராகேஷ் நகரச் சதுக்கத்தில் முஸ்லிம்களே வண்டி வண்டியாக நத்தைச் சூப்பு விற்கிறார்கள். முட்டை தனி மஸ்அலா. உண்ணத்தகாத பிராணியின் முட்டை சுத்தமானதென்று கொண்டால், அருவருப்பில்லாததால் உண்ணலாம் என்ற கருத்தை இமாம் நவவி (ரஹ்) 'மஜ்மூஃ' நூலில் பதிந்திருக்கிறார்கள். அப்படியானால் நத்தை முட்டை அருவருப்புக்கு உரியதா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது வழக்கு. கடைக்காரர் தீர்ப்புச் சொல்லும் இடமன்று அது. ஆலிம்களிடம் எழுதிக் கேட்க வேண்டியது.

சரக்குப் பட்டியலில் "வெள்ளைக் கேவியர்", "முத்து" என்றெல்லாம் கண்டால், அட்டையிலுள்ள சேர்மான வரியைப் படித்த பின்பே ஆர்டர் கொடுங்கள். மது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தம்பி மறுவாரம் வந்தார். பட்டியலில் அதை அடித்துவிட்டாராம். பத்வா வந்துவிட்டதா என்று கேட்டோம். இல்லையாம். அவருடைய தாயார் அந்தப் படத்தைப் பார்த்தது முதல் ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்க மறுக்கிறாராம்.