தீவுமலை

நுழையும்முன்

கல்வி கற்கக் கடல் கடந்தோர் பலர். அயலகத்தில் தம் மக்கள் படும் அல்லலைக் கண்டு, ஏட்டை மூடிவைத்துத் துடைப்பத்தைக் கையிலெடுத்தவர் அரியர். அத்தகைய கொரிய மாணவர் ஒருவரை அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஆன் சாங்ஹோ என்னும் கொரிய இளைஞர் தம் மனைவியுடன் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வந்திறங்கினார். கல்வி கற்றுத் தாயகம் திரும்பித் தம் மக்களுக்குத் தொண்டாற்றுவதே அவர் எண்ணம். கடற்பயணத்தில், பல நாள் நீரையன்றி வேறொன்றும் காணாத கண்களுக்கு ஹவாய்த் தீவின் மலை தென்பட்டது. அக்காட்சியில் உள்ளம் நெகிழ்ந்தவர், 'தீவுமலை' எனப் பொருள்படும் 'தோசான்' என்பதையே தம் புனைபெயராகக் கொண்டார்.

வீட்டுவேலை செய்து பொருளீட்டியவாறே, ஆங்கிலம் கற்பதற்காகச் சிறுவர் பயிலும் பள்ளியில் சேர்ந்தார். ஒருநாள் தெருவில் கொரியர் இருவர் ஒருவர் குடுமியை ஒருவர் பற்றிச் சண்டையிட்டனர். அமெரிக்கர்கள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தனர். இருவரும் ஜின்செங் என்னும் மருந்துவேர் விற்போர். எத்தெருவில் எவர் விற்பது என்பதே வழக்கு! அந்நகரில் அன்று வாழ்ந்த கொரியர் மிகச் சிலரே. அச்சிலரிடையேயும் ஒற்றுமை இல்லை.

தோசான் படிப்பை நிறுத்தினார். கொரியர் வீடுகளைத் தேடிச்சென்று பெருக்கினார், சன்னல்களுக்குத் திரையிட்டார், பூஞ்செடிகள் வைத்தார். அழையாமல் ஒருவர் வந்து நம் வீட்டைப் பெருக்கினால் நமக்கும் ஐயம் தோன்றத்தானே செய்யும்? அவர்களும் முதலில் தயங்கினர்; பின்னர்த் தாமே முகம் மழித்து, வீட்டைத் தூய்மை செய்யலாயினர். 1903இல் நட்புக் கழகம் ஒன்று உருவானது. ஈராண்டில் அது கூட்டுதவிச் சங்கமாக வளர்ந்தது.

இதற்கிடையே, தெற்கே ரிவர்சைடு நகரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை கிடைத்ததால், இருப்புப்பாதையை ஒட்டிய எளிய மரவீடுகளில் கொரியர் குடியேறினர். காம்பை நறுக்கும்போது தோலில் சிறு கீறல் விழுந்தாலும் பழம் அழுகிவிடும். ஓர் ஆரஞ்சைக் கருத்துடன் பறிப்பதும் நாட்டுத் தொண்டே என்று தோசான் அவர்களுக்கு உணர்த்தினார். தாமும் உடன் நின்று பறித்தார். இரவில் ஆங்கில வகுப்பு நடந்தது. ஞாயிறன்று வழிபாடு நிகழ்ந்தது. குடும்பப் பெண்கள், தனித்து வாழ்ந்த ஆடவர்க்கும் சேர்த்துச் சமைத்தனர். பகலெல்லாம் ஏணியில் நின்று களைத்தவர்க்குத் தம் மொழி கேட்டு உண்ணும் அந்த ஒருவேளைச் சோறே ஊரும் உறவுமாயிற்று.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1913 சனவரியில் கடும் உறைபனி ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது. அவ்வாண்டுக் கோடையில், ஹெமெட் என்னும் ஊருக்கு ஆப்ரிகாட் பழம் பறிக்கச் சென்ற கொரியரை, ஜப்பானியர் எனக் கருதிய கூட்டம் ஒன்று விரட்டியடித்தது. ஜப்பானியத் தூதரகம் உதவ முன்வந்தது. அவ்வுதவியைக் கொரியர் ஏற்கவில்லை. முன்னைய சங்கத்தின் வழிவந்த கொரியத் தேசிய சங்கத்தின் தலைவர், 'நாங்கள் ஜப்பானியக் குடிகள் அல்லர்' என அமெரிக்க அரசுக்குத் தந்தி அனுப்பினார். கொரியர் தொடர்பானவற்றை இனி அச்சங்கத்துடனேயே பேசுவதென வெளியுறவுச் செயலர் பிரையன் அறிவித்தார்.