பெயர் மாறினால் செட்டிங்ஸ் எங்கே போகும்?

கேள்வி: எங்கள் தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடைக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது. புதுப் பதிப்பு போட்டதும் பிரின்டர், ஃபான்ட், ஈரத்துக்குக் கழிக்கும் சதவீதம் எல்லாம் காணாமல் போய்விட்டன. ஏன்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸில் பல புரோகிராம்கள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் தம் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு, செட்டிங்ஸை அங்கே வைக்கும். சில ரெஜிஸ்ட்ரியில் எழுதும். புதுப் பதிப்புக்கு, உதாரணமாக, ‘இலைக்கணக்கு 2’ என்று உள்ளேயும் பெயரிட்டிருந்தால், அது அந்தப் பெயரில்தான் தேடும். பழைய ஃபோல்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. லினக்ஸ் இன்னும் கறார்: ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்று மாறினாலே அது வேறு ஃபோல்டர்.

லிப்ரேஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருளைப் பாருங்கள். 2013-இல் வந்த 4-ஆம் பதிப்பின் நினைவாக ‘4’ என்றிருக்கும் செட்டிங்ஸ் ஃபோல்டரையே, பதிப்பு எண் 24-ஐத் தாண்டிய பிறகும் வைத்திருக்கிறார்கள். அழகில்லைதான், ஆனால் அதுதான் புத்திசாலித்தனம். ஊட்டி, உதகை என்று நாம் எப்படிச் சொன்னாலும் ரயில்வேயின் நிலையக் குறியீட்டில் அது யூ.ஏ.எம்.தானே!

புரோகிராம் எழுதியவரிடம், திரையில் தெரியும் பெயர் எப்படியும் மாறட்டும், உள்பெயரைத் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். இப்போதைக்குப் புரோகிராமை மூடிவிட்டு, பழைய ஃபோல்டரில் உள்ளதைக் காப்பி எடுத்துப் புதியதில் போட்டுப் பாருங்கள். கழிவு சதவீதத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகு எடை போடத் தொடங்குங்கள்.