இடைவட்டு: தேர்வும் எறிதலும்

கோலால் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்தும் ஆட்டம் கோல்ஃப். இந்தியாவில் அதற்குத் தாய்வீடு நாம் பயிலும் இந்நகரமே. 1829 ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற இராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம், பிரிட்டனுக்கு வெளியே தோன்றிய முதற் கோல்ஃப் கழகம் என்னும் பெருமையுடையது. ஆயினும் அவ்வாட்டம் ஆட உறுப்புரிமை வேண்டும். கோல்கள் நிறைந்த பை வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டு மாதக் கடைசியை எண்ணிக் கடத்தும் மாணவனுக்கு இவை எட்டுமா?

எட்டக்கூடிய ஆட்டம் ஒன்று உண்டு. அதில் கோலுக்குப் பதிலாகக் கை. பந்துக்குப் பதிலாக வட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் கூடை. எறிந்த வட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையை அடைந்தவர் வென்றவர். இதற்கு வட்டுக் கோல்ஃப் என்று பெயர். நம் சங்கத்தில் விளையாட்டுக்கென ஒதுக்கும் தொகை சிறிது. அதில் வட்டு வாங்குவதாயின் எந்த வட்டை வாங்குவது, வாங்கியதை எங்ஙனம் எறிவது என்பவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

எறிபடை நமக்குப் புதிதன்று. சீக்கியரின் அகாலி வீரர்கள் கூர் விளிம்புடைய சக்கரங்களைத் தலைப்பாகையில் அணிந்து சென்றனர். தென்பாண்டி நாட்டில் வளரி இருந்தது. சிவகங்கைச் சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்ததை, ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1830 இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த மருது சகோதரர்களை 1801 இல் கும்பினியார் தூக்கிலிட்டனர் என்பதும் நாம் மறக்கத்தக்கதன்று.

விளையாட்டு வட்டின் கதை பிற்காலத்தது. வால்டர் பிரெடெரிக் மாரிசன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த பிளாஸ்டிக் தட்டை வாம்-ஓ என்னும் நிறுவனம் 1957 இல் விற்கத் தொடங்கியது. ஃபிரிஸ்பி என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே அதற்கு வழங்கலாயிற்று. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் தட்டின் வடிவைத் திருத்தினார். 1975 இல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான வட்டுக் கோல்ஃப் களத்தை அமைத்தவரும், சங்கிலிக் கூடையை ஆக்கியவரும் அவரே. 1976 இல் தொழில்முறை வட்டுக் கோல்ஃப் சங்கம் தோன்றியது. 1983 இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய வட்டை உருவாக்கினார். காற்றைக் கிழித்துச் செல்லும் இன்றைய வட்டுகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

மூவகை

இன்று விற்கும் வட்டுகளை மூவகையாகப் பிரிக்கலாம். அகன்ற, கூரிய விளிம்புடன் வெகுதூரம் பாய்வது தொலைவட்டு. ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். மழுங்கிய விளிம்புடன் மெதுவாகச் சென்று கூடையில் இறங்குவது கூடைவட்டு. பட்டர் என்பது அதன் பெயர். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது இடைவட்டு. அதை மிட்ரேஞ்ச் என்று சொல்வர்.

இடைவட்டின் குறுக்களவு பெரும்பாலும் 21 முதல் 22 செண்டிமீட்டர் வரை இருக்கும். சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இளைஞர்கள் ஆடும் அல்டிமேட் ஆட்டத்து வட்டு 175 கிராம் எடையும் 27 செண்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. இடைவட்டும் ஏறக்குறைய அதே எடைதான். பரப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எடை குன்றாமல் உடல் சுருங்கியிருப்பதால் அது காற்றின் தடையை எளிதில் கடக்கிறது.

பம்பரம் கற்பிக்கும் பாடம்

வட்டு ஏன் பறக்கிறது? வட்டின் வளைந்த மேற்புறத்தைக் கடக்கும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அதன் எதிர்விளைவாக வட்டு மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. இத்தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

ஆனால் தூக்குவிசை வட்டின் நடுப்புள்ளியில் சரியாகச் செயற்படுவதில்லை. வட்டு வேகமாகவும் கிடையாகவும் செல்லும்போது விசை நடுவுக்குச் சற்றுப் பின்னே அமைகிறது. ஆதலால் வட்டின் முன்புறம் கீழே அழுத்தப்படும். வேகம் தளர்ந்து வட்டு இறங்கத் தொடங்கும்போது காற்று அடிப்புறத்தில் மோதுகிறது. விசை நடுவுக்கு முன்னே நகர்கிறது. முன்புறம் மேலே தள்ளப்படும். சுழலாத தட்டாயின் அக்கணமே குப்புற விழும், அல்லது மல்லாந்துவிடும்.

இங்கேதான் சுழற்சி துணைக்கு வருகிறது. சிறு வயதில் பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். நின்ற பம்பரத்தை விரலால் தொட்டால் சாய்ந்து விழும். சுழலும் பம்பரமோ தொட்ட பக்கம் சாயாமல், வேறொரு பக்கம் தலையாட்டும். சுழலும் பொருளின் விளிம்பை ஓரிடத்தில் தள்ளினால், அதன் விளைவு சுழலும் திசையில் கால்வட்டம் தள்ளித் தோன்றும் என்பது விதி.

இவ்விதியை வட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வலக்கையர் ஒருவர் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்செல்ல எறிகிறார். மேலிருந்து நோக்கினால் வட்டு கடிகார முள் செல்லும் திசையில் சுழலும். தொடக்கத்தில் முன்விளிம்பு கீழே அழுத்தப்படுகிறது. கால்வட்டம் தள்ளி வலப்புற விளிம்பு தாழும். வட்டு வலப்பக்கம் திரும்பும். முடிவில் முன்விளிம்பு மேலே தள்ளப்படுகிறது. வலப்புற விளிம்பு உயரும். வட்டு இடப்பக்கம் வளைந்து இறங்கும். இடக்கையர்க்கு இவையெல்லாம் மாறிவரும். வட்டு போகும் பாதை ஆங்கில எழுத்து எஸ் போல வளைவதன் காரணம் இதுவே.

நான்கு எண்கள்

பல வட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் வேகம். அது வட்டு தானே தரும் வேகம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவ்வட்டு தன் இயல்பின்படி பறக்க எறிபவர் தரவேண்டிய வேகத்தின் அளவு அது. இரண்டாவது மிதப்பு, காற்றில் தங்கும் திறன். மூன்றாவது தொடக்கத் திருப்பம். குறைக்குறி இருப்பின் வலக்கையர்க்கு வலப்பக்கம் செல்லும். நான்காவது இறுதி வளைவு. எண் பெரிதாகப் பெரிதாக முடிவில் இடப்பக்கம் இழுப்பு மிகும்.

கூடைவட்டுகளின் வேக எண் பெரும்பாலும் 2 அல்லது 3; இடைவட்டுகளுக்கு 4 முதல் 6 வரை; தொலைதூர வட்டுகளில் 12, 13, 14 என்று ஏறும். வேக எண் 13 உடைய வட்டைப் புதியவர் எறிந்தால் என்ன நிகழும்? அது வேண்டும் வேகத்தை அவர் கை தராது. ஆகவே வட்டு தன் பறத்தலின் முற்பகுதியைக் காணாமலே பிற்பகுதிக்குத் தாவிவிடும். இடப்பக்கம் செங்குத்தாக வளைந்து தரையில் மோதும். எறிந்தவர் தம் கையைக் குறை கூறுவார். அல்லது ஆட்டத்தையே வெறுப்பார். குறை கையிலும் இல்லை, ஆட்டத்திலும் இல்லை. பொருந்தா வட்டைத் தேர்ந்ததில் உள்ளது. இடைவட்டோ எளிய கைக்கும் இசையும். நேராக எறிந்தால் நேராகப் போகும். சாய்த்து எறிந்தால் அச்சாய்வை மறைக்காமல் காட்டும். நல்லாசிரியன் போல் நம் பிழையை நமக்கே உணர்த்துவது அது.

எதை வாங்குவது?

இடைவட்டுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்னும் வட்டின் எண்கள் 5, 4, குறை 1, 1. இன்னோவா நிறுவனத்தின் மாக்கோ-3 என்பதன் எண்கள் 5, 5, 0, 0. இவ்விரண்டும் ஏறக்குறைய நேராகச் செல்வன. இன்னோவாவின் ராக்-3 என்பதற்கு 5, 4, 0, 3. முடிவில் உறுதியாக இடப்பக்கம் வளையும். கேட்டர் என்பதற்கு 5, 2, 0, 3. எதிர்காற்றிலும் அசையாது நிற்கும். ஆனால் மிதப்புக் குறைவு. முதல் வட்டு வாங்குவோர் நேராகச் செல்லும் வகையை வாங்குக. காற்றுக் காலத்துக்கென இரண்டாவது வாங்கும்போது நான்காம் எண் 3 உடையதைத் தேர்க.

அடுத்தது எடை. விதிப்படி வட்டின் எடை, குறுக்களவின் ஒவ்வொரு செண்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேற்படக்கூடாது. 21.7 செண்டிமீட்டர் வட்டுக்கு 180 கிராம் வரை வரலாம். கனத்த வட்டு காற்றால் எளிதில் அலைக்கழியாது. இலேசான வட்டுக்கு வேகம் ஊட்டுவது எளிது. புதியவர்க்கு 165 முதல் 175 கிராம் வரை பொருத்தம்.

விலை மலிந்த பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிபடும்; ஆனால் மரத்திலும் கல்லிலும் மோதி விரைவில் தேயும். தேய்ந்த வட்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் திரும்பும் இயல்பைப் பெறும். சங்கத்தின் பொதுச் சொத்தாகப் பலர் கைபடும் வட்டாயின் உயர்ந்தவகைப் பிளாஸ்டிக்கே இறுதியில் சிக்கனம். நிறமும் முக்கியம். மழைக்காலத்துப் புல்லில் பச்சை வட்டைத் தேடி மாலைப்பொழுது முழுதும் கழியும். செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நன்று. குளத்தருகே எறியவே வேண்டாம். பெரும்பாலான கோல்ஃப் வட்டுகள் நீரில் மூழ்கிவிடும்.

எறியும் முறை

முதலில் பிடி. கட்டைவிரல் வட்டின் மேலே, விளிம்பை ஒட்டி. சுட்டுவிரல் விளிம்பின் உட்புறத்தில். மற்ற விரல்கள் அடியில் விசிறிபோல் விரிந்து நிற்கட்டும். தோசைக்கல்லைப் பற்றுவது போல் இறுக்காமல், வட்டை விடும் நொடியில் மட்டும் இறுக்குக.

அடுத்து நிலை. வலக்கையர் தம் வலத்தோள் இலக்கை நோக்கப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கால்கள் தோளகலம். கையைப் பின்னே நீட்டும்போது இடையும் தோளும் உடன் திரும்பட்டும். எடை பின்காலில் தங்கட்டும்.

பின்னர் இழுப்பு. எடையை முன்காலுக்கு மாற்றுக. இடை முதலில் திரும்ப, தோள் அதைத் தொடர, முழங்கை அதற்குப் பின், மணிக்கட்டு கடைசியில் வரட்டும். சாட்டையின் பிடி மெதுவாக அசைய நுனி சீறுவது போன்றது இது. வட்டு மார்பை ஒட்டி ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வளைந்து வந்தால் இலக்குத் தவறும்.

விடும்போது முன்விளிம்பு உயராதிருப்பதே தலையாய விதி. உயர்ந்தால் வட்டு மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் சரியும். வலிமையைக் கூட்டினாலும் இதற்குத் தீர்வில்லை. சுழற்சி குறைந்தால் வட்டு தள்ளாடும்; அப்போது மணிக்கட்டின் வேலை போதவில்லை என்று அறிக.

பயிற்சிக்கு முதலில் நின்றபடியே 30 மீட்டர் தொலைவில் எறிக. பத்தில் ஏழு எறிகள் இலக்கின் இருபுறமும் ஐந்தடிக்குள் விழுமாயின் 40 மீட்டருக்குச் செல்க. நடந்து எறிதல் அதற்குப் பின்புதான். கூடை இல்லையே என்று கவலற்க. சங்கிலிக் கூடை வருமுன் மரமும் கம்பமுமே இலக்காக இருந்தன.

கொல்கத்தாவின் காற்று

எதிர்காற்றில் வட்டு உணரும் வேகம் கூடும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த வட்டுக்கு எதிரே 5 மீட்டர் காற்று வீசினால், வட்டு உணர்வது 25 மீட்டர். தூக்குவிசை ஒன்றரை மடங்குக்கு மேல். அப்போது வட்டு மேலெழுந்து வலப்பக்கம் புரள விரும்பும். தாழ எறிக, இறுதி வளைவு மிக்க வட்டைப் பயன்படுத்துக. அதே காற்று பின்னிருந்து வீசினால் உணர்வது 15 மீட்டரே. விசை ஏறத்தாழப் பாதியாகும். அப்போது சற்று உயர எறிவது நன்று.

ஈரக்காற்று கனமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. நீராவி மூலக்கூறின் எடை 18. நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. வெப்பமும் ஈரமும் மிகுந்த வைகாசி மாலையின் காற்று, தை மாதக் காலைக் காற்றைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது என்று கணக்கிடலாம். ஆகவே கோடையில் வட்டுக்குத் தாங்கல் சற்றுக் குறையும். ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பது அதைவிடக் கைவேர்வை. வங்காளிகள் தோளில் இடும் கம்சா ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒவ்வோர் எறிக்கும் முன் வட்டைத் துடையுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை வடமேற்கில் கருமேகம் திரளுமாயின் அது கால்பைசாகிப் புயலின் அறிகுறி. வட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உடனே கட்டடத்துக்குள் செல்லுங்கள். திறந்த வெளியில் மின்னலுக்கு நாமே உயர்ந்த இலக்கு.

பிறர் உயிரும் நம் பொறுப்பு

இடைவட்டை வற்புறுத்துவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரிது. இந்நகரின் திறந்தவெளிகளில் நாம் தனியாக இருப்பதில்லை. சிறுவர் பந்தாடுவர், முதியோர் உலாவுவர், ஆடுகள் மேயும். 175 கிராம் வட்டு கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது. தொலைவட்டு கூரிய விளிம்புடன், எறிந்தவனே எதிர்பாராத பக்கம் பாய்வது. பழகாத கையில் அது விளையாட்டுக் கருவி அன்று. இடைவட்டாயினும் எறியும் வழியிலும் அதன் இருபுறத்திலும் ஆளில்லை என்று கண்டபின்பே எறிய வேண்டும். யாருக்கேனும் காயம் நேரக்கூடுமாயின் எறியக்கூடாது என்பது ஆட்டத்தின் விதியுமாகும். அதிகாலையில் ஆள் குறைந்த மூலையில் ஆடுவோம். ஒருவர் எறிய, ஒருவர் முன்னே நின்று வழிபார்க்கட்டும்.

1911 இல் இந்த மைதானத்தில்தான் மோகன் பகான் அணியினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். விலையுயர்ந்த கருவிதான் ஆட்டத்தை உயர்த்துகிறது என்போர்க்கு அதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வேக எண்ணைக் கண்டு மயங்கிப் பத்துத் தொலைவட்டு வாங்குதல் வேண்டா. நேராகச் செல்லும் இடைவட்டு மூன்றும், காற்றுக்கு நிற்கும் இடைவட்டு ஒன்றும் வாங்கினால் இருபது பேர் முறைவைத்துப் பழகலாம். தமிழர் மட்டும் ஆடுவதாகவும் அது இருக்க வேண்டியதில்லை. நம்மோடு ஒரே அறையில் உறங்கும் வங்காளி நண்பனும் ஒடியா நண்பனும் வரட்டும். அவர்களுக்கு வட்டு என்னும் சொல்லையும், வலப்புறம் திரும்பி இடப்புறம் இறங்கும் காரணத்தையும், ஒரு பம்பரத்தை விட்டுக்காட்டி நாம் சொல்லிக் கொடுக்கலாம்.