பேட்ச் துணியும் மசகும்: புதிதாகக் கெட்டிப்பவர்களுக்குச் சில அறிவுரைகள்

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணி ரைஃபிளில், உருண்டை ஈயக்குண்டு குழலின் இரும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே மசகு தோய்ந்த ஒரு துண்டுத் துணி இருக்கிறது. அதைத்தான் பேட்ச் என்கிறோம். குழலின் உள்சுவரில் சுழன்று செல்லும் மரைப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழற்றுவது அந்தத் துணி. பின்னாலிருந்து பாயும் நெருப்பைத் தாங்குவதும் அதுதான். போன வெடியின் கரியைத் துடைத்துக்கொண்டு உள்ளே இறங்குவதும் அதுதான்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் செய்த நீண்ட ரைஃபிள்கள் இந்த ஏற்பாட்டோடு பேர் வாங்கின. 1933இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மஸில் லோடிங் ரைஃபிள் சங்கத்தின் போட்டிகளுக்காக இன்று இண்டியானாவின் ஃபிரண்ட்ஷிப் ஊரில் கூடுகிறவர்களும் அதே துணியையும் ஈயத்தையும் கருமருந்தையும்தான் நம்புகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ரைஃபிளைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். துணி மட்டும் கடையில் கைக்கு அகப்பட்ட பொட்டலம். பிறகு குறி சிதறுகிறது என்று குழலைக் குறை சொல்கிறார்கள். நல்ல குழலை வீணாகச் சந்தேகிக்கும் அந்த மனக்கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் உயிர், பிறகு குறி.
கருமருந்தோ, அதற்கு மாற்றாக என்றே விற்கும் மருந்தோ தவிர வேறெதையும் இந்தக் குழலில் போடாதீர்கள். புகையில்லா மருந்து குழலையே வெடிக்க வைக்கும். குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் சுடும்போது குழல் உப்பலாம், கிழியலாம். முழுதாக இறங்கியதும் கெட்டிக்கும் கோலில் குழல்வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வந்து நிற்கிறதா என்று பாருங்கள். துணி தடிப்பாகிக் குண்டு பாதிவழியில் சிக்கினால் சுட்டு வெளியேற்ற நினைக்காதீர்கள். குண்டு பிடுங்கும் திருகைக் கோலில் மாட்டி வெளியே இழுங்கள். எந்த நேரத்திலும் முகம் குழல்வாய்க்கு மேலே வரக்கூடாது.

2. பருத்தி அல்லது லினன். வேறெதுவும் வேண்டாம்.
பாலியஸ்டர் கலந்த துணி சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். கடைக்காரர் பருத்தி என்று சொன்னால் போதாது. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, மருந்துக்கு வெகு தூரத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். செயற்கை இழை சுருண்டு உருகி, ஆறியதும் மணிபோல் கெட்டியாக நிற்கும். விரலுக்குள் அந்த மணி நெருடினால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. கனத்தை மட்டும் பார்க்காதீர்கள், நெசவைப் பாருங்கள்.
தடித்த துணியெல்லாம் வலுவான துணி அல்ல. ஃபிளானல் தடிமனாக இருக்கும், ஆனால் நெசவு தளர்வு, நெருப்பு ஊடுருவிவிடும். அமெரிக்கச் சுடுநர்கள் தலைமுறை தலைமுறையாக நம்புவது டிக்கிங் என்னும் நீலக்கோடு போட்ட மெத்தைத் துணி. உள்ளே அடைத்த இறகு வெளியே வராதபடி நெருக்கமாக நெய்தது அது. டிரில் துணியும் மெல்லிய கித்தானும் டெனிமும் நன்றாகவே வேலை செய்யும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வேண்டாம். இரண்டு கட்டைவிரலாலும் பலங்கொண்டு இழுங்கள், கிழிந்தால் வேண்டாம்.

4. கஞ்சி போகத் துவையுங்கள்.
புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். அது இருக்கும்வரை மசகு சீராக ஊறாது. வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். துவைத்தால் துணி சுருங்கி நெசவு இன்னும் நெருக்கமாகும். அதனால் கனத்தை அளப்பது எப்போதும் துவைத்த பிறகுதான்.

5. கணக்குப் போட்டு வாங்குங்கள்.
இதற்கு ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். 0.50 காலிபர் குழலை எடுத்துக்கொள்வோம். மரைப் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் மேட்டுக்கு மேடு 0.500 அங்குலம். பள்ளத்தின் ஆழம் 0.010 என்றால், பள்ளத்துக்குப் பள்ளம் 0.520. குண்டு 0.490, துணி 0.015. இரண்டு பக்கத் துணியையும் சேர்த்தால் 0.490 + 0.030 = 0.520. பள்ளத்தின் அடிவரை துணி நிரம்பிவிட்டது. வாயு நழுவ வழியில்லை. மேட்டின்மேல் மட்டும் ஒரு பக்கத்துக்கு 0.005 அங்குல இடம்தான் இருக்கிறது. 0.015 கனமுள்ள துணி அங்கே நசுங்கிப் புக வேண்டும். துணி நசுங்குகிறது, மிச்சத்தை ஈயம் ஏற்றுக்கொள்கிறது. கெட்டித்த குண்டு ஒன்றைச் சுடாமல் பிடுங்கிப் பார்த்தீர்கள் என்றால், அதன் இடுப்பைச் சுற்றித் துணியின் ஊடும் பாவும் ஈயத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். அந்த அச்சு பள்ளத்துக்கு நேரேயும் தெரிந்தால் பொருத்தம் நல்ல பொருத்தம்.

பள்ளத்தின் ஆழம் குழலுக்குக் குழல் மாறும். பள்ளம் ஆழமென்றால் துணி கனமாக வேண்டும். 0.495 குண்டும் மெல்லிய துணியும் போட்டாலும் கெட்டிக்க முடியும். ஆனால் மெல்லிய துணி எளிதில் கருகும். சந்தேகம் வந்தால் சிறிய குண்டு, தடித்த துணி என்ற பக்கம் சாயுங்கள்.

6. கை சொல்வதைக் கேளுங்கள்.
குறிப் போட்டிக்குக் கெட்டிக்கும்போது, குண்டைக் குழல்வாய்க்குள் இறக்கக் குட்டைக் கோலின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு வேண்டியிருக்கும். அதன்பிறகு கெட்டிக்கும் கோலைச் சிறிது சிறிதாகப் பிடித்துத் தள்ளினால் சீராக இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம்; குண்டு உருக்குலையும், மரக்கோல் முறிந்து கையைக் கிழிக்கும். கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிப் போனால் பெரும்பாலும் தளர்வு.

7. மசகு எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.
கருமருந்து 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கசடாகவே மிஞ்சுகிறது. மசகின் முதல் வேலை இந்தக் கசடை இளக்கி வைப்பது. இரண்டாவது, துணி கருகாமல் காப்பது. வழுவழுப்பு மூன்றாவதுதான். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் வழுக்கும் என்று தடவாதீர்கள். கருமருந்தின் சூட்டில் அவை கசடோடு சேர்ந்து தார்போல இறுகும். ஆளிவிதை எண்ணெயும் ஆகாது. அது காய்ந்து பிசினாகும். அதில் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

8. கொழுப்பும் மெழுகும்.
உருக்கி வடிகட்டிய மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, ஆமணக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவை காலம் சோதித்தவை. கொழுப்பில் உப்பு இருக்கக்கூடாது. உப்பு இரும்பைத் தின்னும். மெழுகு கூடினால் மசகு கெட்டி, எண்ணெய் கூடினால் இளக்கம். வெயில் காலத்துக்கு மெழுகைக் கூட்டுங்கள், பனிக்குக் குறையுங்கள். நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். துணியைத் தோய்த்துப் பிழிந்தபின் விரலில் ஈரப்பசை தெரிய வேண்டும், சொட்டக்கூடாது.

கொழுப்பு விஷயத்தில் நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1857இல் சிப்பாய்களுக்குக் கொடுக்க வந்த என்ஃபீல்டும் குழல்வாய் வழியே கெட்டிக்கும் ரைஃபிள்தான். அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு படைமுகாம்களில் பரவியது. மீரட்டில் தோட்டாவை வாங்க மறுத்த 85 குதிரைப்படை வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. உங்கள் மசகு டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கும்முன் சொல்லிவிட்டுக் கொடுங்கள். விலங்குக் கொழுப்பைத் தொட மனம் ஒப்பாதவர்களுக்குத் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த கலவை குறைவில்லாமல் உழைக்கும்.

9. தண்ணீர் கலந்த மசகு.
கசடை இளக்குவதில் தண்ணீரை மிஞ்ச எதுவுமில்லை. மைதானத்தில் உடனுக்குடன் சுடும்போது, தண்ணீரில் கொஞ்சம் மென்சோப்புக் கலந்து நனைத்த துணி மிக நன்றாக இறங்கும். பலர் எச்சிலாலேயே நனைத்துச் சுடுகிறார்கள். ஆனால் ஈயத்தைத் தொட்ட கையால் துணியை வாயில் வைக்காதீர்கள், ஈயம் நஞ்சு. மைதானத்தைவிட்டுக் கிளம்பும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தண்ணீரோடு பால்போலக் கலக்கும் எண்ணெய்களும் உண்டு. 1904இல் ஜெர்மனியில் உருவான பாலிஸ்டால் அவற்றில் ஒன்று. ஒரு பங்கு எண்ணெய்க்கு ஆறேழு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, தட்டையாக விரித்துக் காயவிடுவார்கள். தண்ணீர் போய், ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு எண்ணெய் தங்கும். குறியில் ஒழுங்கு வேண்டுமென்றால் மசகின் அளவிலும் ஒழுங்கு வேண்டும். அதற்கு இது நல்ல வழி.

10. வேட்டைக்கு வேறு, மைதானத்துக்கு வேறு.
மைதானத்தில் கெட்டித்த குண்டு ஒரு நிமிடம்கூடக் குழலில் தங்காது. வேட்டையில் காலையில் கெட்டித்தது மாலைவரை கிடக்கலாம். தண்ணீர் மசகு அதற்குள் உலர்ந்துவிடும், அல்லது மருந்தை நனைத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். இளகிய எண்ணெயும் மெல்ல மருந்துக்குள் இறங்கும். வேட்டைக்குக் கெட்டியான கொழுப்பு மெழுகு மசகே சரி. மருந்துக்கும் துணிக்கும் நடுவே உலர்ந்த தடுப்பு ஒன்றும் வையுங்கள். அமெரிக்கக் காட்டுவாசிகள் இதற்கு காலியான குளவிக்கூட்டின் காகிதம் போன்ற தாளைக் கிள்ளிப் போடுவார்கள். அழுத்திய கம்பளி வில்லையும் போதும்.

11. சுட்ட துணியைப் பொறுக்கி எடுங்கள்.
இத்தனை அறிவுரையிலும் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். சுட்டதும் துணி குண்டைவிட்டுப் பிரிந்து, பெரும்பாலும் பத்துப் பதினைந்து கெஜத்துக்குள் விழும். சுடுதலை நிறுத்தச் சொல்லி, மைதானப் பொறுப்பாளர் அனுமதித்த பிறகு போய் எடுங்கள். புகைந்துகொண்டிருந்தால் மிதித்து அணையுங்கள். காய்ந்த புல்லில் இதனால் தீப்பிடித்ததுண்டு.

நல்ல துணி வட்டம் குலையாமல் இருக்கும். நடுவில் கருத்த வட்டம், அதைச் சுற்றி மரை அழுத்திய கோடுகள், ஓரத்தில் லேசாகப் பிசிறு. மறுபடி மசகு தடவிக் கெட்டிக்கலாம் போலத் தோன்றும். நடுவிலோ அதைச் சுற்றிய மடிப்பிலோ கருகி ஓட்டை விழுந்திருந்தால் நெருப்பு நுழைந்திருக்கிறது: துணி மெல்லிது, அல்லது மசகு போதவில்லை, அல்லது பொருத்தம் தளர்வு. சம இடைவெளியில் கத்தி வைத்தது போல வெட்டுக்கள் இருந்தால் மரை மேட்டின் விளிம்போ குழல்வாயின் விளிம்போ கூர்மை. துணியை மாற்றிப் பயனில்லை. துப்பாக்கி வேலை தெரிந்த கொல்லரிடம் குழலைக் கொடுத்து அந்தக் கூர்மையை மழுக்குங்கள். நாராகக் கிழிந்து வந்தால் துணியே மட்டம்.

12. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
துணி, மசகு, மருந்தளவு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. 50 கெஜத்தில், துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஒரே சேர்க்கைக்கு ஐந்து குண்டு சுடுங்கள். குண்டுக்குக் குண்டு ஈரத் துணியால் குழலைத் துடைப்பதென்றால் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இல்லையென்றால் ஒருமுறையும் வேண்டாம். ஐந்து துணியையும் எடுத்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கனம், மசகு, மருந்தளவு, அன்றைய வெயில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மூத்தவர் ஒருவர் தன் சேர்க்கையைச் சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது அவர் குழலுக்கு அமைந்தது. முதல் நாள் மைதானத்துக்குப் போகும்போது மூன்று கனத்தில் துவைத்த துணி, ஒரே மசகு, காலிப்பர், நோட்டு ஆகியவற்றோடு போங்கள். அன்று குறிப்பலகையைப் பார்ப்பதைவிடத் தரையில் விழுந்த துணிகளைப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். மூன்று கனத்தில் உங்கள் குழலுக்கு எது ஒத்துவரும் என்று அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும்.