செவிப்புலன் குறைந்த சிறார்

கற்றோரைக் ‘கல்வி கேள்விகளிற் சிறந்தோர்’ என்று போற்றுதல் நம்மவர் மரபு. கேள்வியின்றிக் கல்வி நிரம்பாது என்பதே அதன் கருத்து. ஆயின், அக்கேள்விக்கு வாயிலாகிய செவி குறையுற்ற பிள்ளையின் நிலை யாது?

இக்குறை அரிதென்று எண்ணற்க. குழந்தைகள் ஆயிரவருள் 1 முதல் 3 பேர் வரை நிலையான செவிக்குறையுடன் பிறக்கின்றனர். வேறு பலர் வளரும் பருவத்தில் அதனை எய்துகின்றனர். இதன்பொருட்டுப் பராமரிப்பு வேண்டிநிற்கும் சிறார் உலகில் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

பரம்பரை, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் காணும் கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், சின்னமுத்து, கூகைக்கட்டு, காதிற் சீழ் வடிதல் என்பன இதற்குரிய காரணங்களுட் சில. சிறுவர் செவிக்குறையில் 60 சதவீதம் தடுக்கத்தக்கது என்றும் அந்நிறுவனம் கூறும். கருவுற்ற தாயைப் பற்றும் ருபெல்லா நோய் சிசுவின் செவியைக் கெடுக்கவல்லது. தடுப்பூசியின் பயனாக அந்நோய் இலங்கையில் ஒழிந்தமை 2020 இல் உறுதிசெய்யப்பட்டது.

தடுக்கவியலாதவற்றை விரைந்து கண்டறிதல் வேண்டும். குழந்தையின் செவியை 1 மாதத்துள் சோதித்து, 3 மாதத்துள் குறையைத் துணிந்து, 6 மாதத்துள் பராமரிப்பைத் தொடங்குக என்பது வைத்தியர் வகுத்த நெறி. மொழி வேரூன்றுங் காலம் முதற் சில ஆண்டுகளே ஆதலின், அக்காலத்தை இழந்தால் ஈடுசெய்தல் அரிது. செவிப்புலன் கருவி, பேச்சுப் பயிற்சி, சைகை மொழி ஆகியன பிள்ளையின் தேவைக்கேற்ப உதவும். முற்றுஞ் செவிப்புலனற்றாரும் கற்கலாம் என்பதற்குக் கைதடி நவீல்ட் பாடசாலை நம் அயலிலேயே சான்றாக விளங்குகின்றது.

முற்றுங் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அறிந்துகொள்வர். சிறிது கேட்கும் பிள்ளையே எவர் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றது. அப்பிள்ளைக்கு உயிரொலி கேட்கும். மெல்லிய மெய்யொலி மறையும். ‘பாட்டு’ என்பதும் ‘காட்டு’ என்பதும் அதன் செவிக்கு ஒன்றே. பிழையாக எழுதும், வினாவுக்குப் பொருந்தா விடை கூறும், அயலான் வாயை நோக்கும். நாமோ அதனை மந்தன் என்றும் அடங்காதவன் என்றும் இகழ்கின்றோம். அவ்விகழ்ச்சி குறையினுங் கொடிது.

ஆதலின் ஆசிரியர்காள்! அத்தகைய பிள்ளையை முன்வரிசையில் இருத்துங்கள். கரும்பலகையை நோக்கி நின்று பேசாது, பிள்ளையின் முகம் நோக்கிப் பேசுங்கள். பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர்களே! ஐயம் தோன்றிய அன்றே காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரை நாடுங்கள். பிரம்பை எடுக்குமுன் செவியைச் சோதிப்பதே அறிவுடைமை.