மல்லிகை மணமும் ஊதுபத்தி மணமும்

ஆலய வழிபாட்டில் பூவும் புகையும் பிரியாதவை. மாலைப் பூசையில் அம்பாளுக்குச் சாத்திய மல்லிகைச் சரமும், அருகே ஏற்றிய மல்லிகை ஊதுபத்தியும் ஏறக்குறைய ஒரே மணம் வீசுவதை அடியார்கள் உணர்ந்திருப்பர். இரண்டுக்கும் பொதுவாக நிற்பது பென்சைல் அசற்றேற்று என்னும் பொருளாகும்.

இது எசுத்தர் வகையைச் சேர்ந்தது. அமிலமும் அற்ககோலும் கூடி, நீர் பிரியும்போது எசுத்தர் உண்டாகும். வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலம் பென்சைல் அற்ககோலுடன் சேர்ந்தால் கிடைப்பது இந்த எசுத்தர். மூக்கைத் துளைக்கும் அமிலத்திலிருந்து இத்தகைய நறுமணம் பிறப்பது விந்தைதான். இது நிறமற்ற திரவம். நீரில் மிகச் சிறிதே கரையும். ஏறத்தாழ 212 பாகை செல்சியசில் கொதிக்கும். எனினும் மணம் பரவக் கொதிக்க வேண்டியதில்லை, சாதாரண வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும்.

மல்லிகை மொட்டு அந்தியில் விரியும்போது மணத்தை வெளிவிடத் தொடங்குகிறது. செடியிலிருந்து பறித்த பின்னும் மொட்டு மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். முதிர்ந்த மொட்டைப் பிற்பகலில் பறித்துத் தொடுத்தால் மாலைப் பூசை வேளையில் மூலஸ்தானம் மணப்பது இதனாலேயே. பூவில் இந்த எசுத்தர் தனித்திருப்பதில்லை. லினலோல், இன்டோல் முதலிய பலவும் உண்டு. இன்டோல் செறிவாக இருந்தால் துர்நாற்றம். அணுவளவு கலந்தாலோ பூவின் மணத்துக்கு அதுவே உயிர். போத்தலில் வரும் மல்லிகை வாசனை பெரும்பாலும் மிட்டாய் போல் வெறும் இனிப்பாகத் தோன்றுவதற்கு இந்தச் சேர்க்கைகளின் குறைவே காரணம்.

சிறிதளவு வாசனைச் சாறுக்கே பல நூறு கிலோ பூ வேண்டும். ஆகவே சவர்க்காரம், பவுடர், ஊதுபத்தி ஆகியவற்றுக்குத் தொழிற்சாலையில் செய்த எசுத்தரே பயன்படுகிறது.

ஊதுபத்தி வாசனையை ஐதாக்க டைஈதைல் தலேற்று என்ற வேறொரு எசுத்தரைச் சேர்ப்பதுண்டு. அதற்கு மணம் இல்லையென்றே சொல்லலாம். ஆகையால் ஊதுபத்திக்கான வாசனை எண்ணெயை அபிஷேக நீரிலோ தீர்த்தத்திலோ ஒரு துளியேனும் விடலாகாது. தீர்த்தம் குழந்தைகளும் பருகுவது. அந்த எண்ணெய் தீப்பற்றும், சில வகைப் பிளாத்திக்கையும் கரைக்கும். கண்ணாடிப் போத்தலில் அடைத்து, கற்பூரத் தட்டுக்கு எட்டவே வைக்க வேண்டும்.

புகையின் கதை வேறு. நல்ல மணம் தணலுக்குச் சற்றுக் கீழே சூடேறும் பகுதியிலிருந்து ஆவியாகி வருகிறது. தணலிலிருந்து வருவது நுண்துகளும் காபனோரொட்சைட்டும். ஒரே வாசலுள்ள மூலஸ்தானத்தில் கட்டுக் கட்டாகக் கொளுத்தினால் கண் எரியும், தொய்வு நோயாளருக்கு மூச்சு முட்டும். நாள்தோறும் உள்ளே நிற்பவர் குருக்கள் என்பதையும் எண்ண வேண்டும். அங்கே பூச்சரமே போதும். ஊதுபத்தியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஓரிரண்டு ஏற்றலாம்.

பூவுக்கு எங்கே போவது என்பார்க்கு: மல்லிகை நல்ல வெயிலை விரும்புவது, வண்ணாத்திவில்லில் வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீர் தேங்காத மண், வரட்சிக் காலத்தில் கிணற்றடியிலிருந்து வழிந்தோடும் நீர், ஆண்டுக்கொரு முறை கிளை வெட்டு ஆகியன கிடைத்தால் ஆலய வீதியோரத்திலும் பற்றை பற்றையாய்ப் பூக்கும்.