முதல் மாரத்தானும் நிதானமும்

மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரும் நம் வாலிபர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை மணி நேரத்தில் ஓடி முடிக்கலாம்?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலோர் விடையையும் மனத்தில் வைத்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். நான்கு மணி நேரம் என்பது அவ்விடை. உடன் வேலை பார்க்கும் ஒருவர் நான்கு மணியில் ஓடினார் என்பதைத் தவிர, அந்த எண்ணுக்கு வேறு காரணம் இருப்பதில்லை. தம் தேகம் இதுவரை செய்த பயிற்சி எவ்வளவு, ஓடப்போகும் இடத்தின் வெப்பம் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுப் பெற்ற எண்ணல்ல அது. ஆகவே, முதன்முறை ஓடுகிறவர் தம் நேரத்தை எவ்விதம் கணக்கிடுவது, அதைப் பாதையில் எவ்விதம் செலவிடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1896இல் ஏதென்ஸில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே பின்னர் 1921இல் நிரந்தர அளவாக்கப்பட்டது. ஓடுகிறவருக்கு இதில் முக்கியமானது கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டராகும். ஏனெனில் நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்துவைக்கப்படும் சர்க்கரைச் சத்து அளவுக்குட்பட்டது. பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி அது வற்றத் தொடங்குகிறது. கொழுப்பு உடம்பில் நிறைய இருக்கிறது. எனினும் வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பைக் குறைவாகவும் சர்க்கரையை அதிகமாகவும் எரிக்கிறது. தொடக்கத்தில் சக்திக்கு மீறி ஓடியவர் 30க்குப் பின் கால் நகராமல் நிற்பதற்கு இதுவே பெருங்காரணம். முதலில் மிச்சம் பிடித்ததாக அவர் எண்ணிய ஐந்து நிமிஷம், முடிவில் பல மடங்காகத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது.

கணக்குக்கு வருவோம். மாரத்தானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பாக 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஒன்றை ஓடிப்பார்ப்பது அவசியம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த சூத்திரப்படி, தூரம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். நம் அன்பர் ஒருவர் அரை மாரத்தானை 2 மணி 20 நிமிஷத்தில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். முழு மாரத்தானுக்கு 4 மணி 52 நிமிஷம் என்று சூத்திரம் சொல்லும். இதுவும் நெடுந்தூரத்துக்கெனப் போதிய பயிற்சி பெற்றவருக்கே பொருந்தும். வாரத்தில் மூன்று நாள், அதுவும் வேலை முடிந்து வந்து ஓடுகிறவர், இன்னும் இருபதிலிருந்து முப்பது நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 5 மணி 15 நிமிஷம் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 28 வினாடி ஆகிறது.

அதே அன்பர் நான்கு மணிக்கு ஆசைப்பட்டால் என்னவாகும்? கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 வினாடி வேகத்தில் ஓட வேண்டும். அவர் அரை மாரத்தான் ஓடியதோ 6 நிமிஷம் 38 வினாடி வேகத்தில். பாதி தூரத்தையே அந்த வேகத்தில் ஓடியவர், முழுத் தூரத்தையும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் விரைவாக ஓடிவிடுவாராம்! காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே இது நடவாதது என்று புரியும். எழுதிப் பார்ப்பவர்தாம் குறைவு.

அடுத்தது வெப்பம். வெளிநாட்டுப் புத்தகங்களில் காணும் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்ந்த காலை நேரத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் விடியுமுன்னரே காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வேர்வை எளிதில் உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 28 பேரால் முடிக்க இயலவில்லை. வென்ற கென்ய வீராங்கனைக்கு 2 மணி 32 நிமிஷம் 43 வினாடி பிடித்தது; அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் 2 மணி 17 நிமிஷத்தில் ஓடியிருந்தார். தேர்ந்த வீராங்கனைக்கே பதினைந்து நிமிஷ வித்தியாசம்! நம்மவரான முருகையா ரமேஷன் 1995இல் ஓடிய 2 மணி 24 நிமிஷம் 22 வினாடி, 2019 வரை சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக நின்றது. அது டிசம்பர் மாதத்துச் சியாங் மாயில் ஓடியது; அதை முறியடித்த ஓட்டமும் மார்ச் மாதத்துச் சியோலில் நடந்தது. இரண்டும் நம் ஊரைவிடக் குளிர்ந்த இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஓட்ட நாள். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் பாயும், இசை முழங்கும், கால்களும் இலேசாகத் தோன்றும். இந்த முதல் ஐந்து கிலோமீட்டரில்தான் அநேகர் தம் ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குறித்த வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வினாடி மெதுவாகவே புறப்பட வேண்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். உலகின் மிகச் சிறந்த வீரர்களிலும் சிலர் இவ்வாறே செய்கிறார்கள். 2023இல் சிக்காகோவில் 2 மணி 35 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்த கெல்வின் கிப்டம், முதற்பாதிக்கு 60 நிமிஷம் 48 வினாடியும் பிற்பாதிக்கு 59 நிமிஷம் 47 வினாடியும் எடுத்தார்.

நடப்பதை இழுக்கென்று கருதுவோர் நம்மில் உண்டு. அது தவறான எண்ணம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் காலோவே, இடையிடையே நடக்கும் முறையையே முதன்முறை ஓடுவோருக்குக் கற்பித்தவர். களைத்தபின் நடப்பது வேறு, களைக்குமுன் திட்டமிட்டு நடப்பது வேறு. தண்ணீர்ப் பந்தல்தோறும் ஒரு நிமிஷம் நடப்பதென்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கைக்கடிகாரத்தை முழுவதும் நம்பவேண்டாம். வளைந்து வளைந்து ஓடுவதால் அது உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். மரீனா பே போன்ற உயர்ந்த கட்டடங்களிடையே மேலும் தடுமாறும். பாதையோரப் பலகைகளே சாட்சி. மேற்கண்ட அன்பர் 10 கிலோமீட்டருக்கு 1 மணி 15 நிமிஷம், பாதித் தூரத்துக்கு 2 மணி 37, 30க்கு 3 மணி 44, 40க்கு 4 மணி 59 என்று ஒரு சீட்டில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் இருபுறமும் ஆபத்து உண்டு. 2002இல் பாஸ்டனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது குடித்துக் குடித்து எடை கூடியவர்களே அதில் அதிகம். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே முறை. நெஞ்சு வலி, புத்தித் தடுமாற்றம், வெயிலில் குளிர் நடுக்கம், கால் தள்ளாட்டம் இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த முதலுதவிக் கூடாரத்தில் நின்றுவிட வேண்டும். அப்போது நேரக் கணக்கைப் பார்க்கலாகாது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பெயர் கொடுக்குமுன்பே டாக்டரைக் கலந்துகொள்வது கட்டாயம்.

பயிற்சிக்குப் பதினாறிலிருந்து இருபது வாரம் வேண்டும். நெடிய ஓட்டங்களை ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற சமமான இடத்தில், ஓட்ட நாளின் வேகத்தைவிட மெதுவாக ஓடி, 30 கிலோமீட்டர் வரை உயர்த்தி, கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். இடையில் ரமலான் வந்தால் அம்மாதத்தில் தூரத்தைக் கூட்டவேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டியோ தராவீஹுக்குப் பின்னோ சிறிது ஓடி, பழக்கம் விடாமல் காத்தால் போதும். கஞ்சி குடித்த உடனே ஓடுவது கூடாது.

இன்னொன்று. நம் நாடுகளில் மாரத்தான் பெரும்பாலும் இருட்டிலேயே புறப்படுவதால், சுபுஹுத் தொழுகை வழியிலேயே வந்துவிடும். எங்கே நிற்பது என்று முன்னரே பாதைப் படத்தில் பார்த்துக்கொண்டு, அதற்குரிய பத்து நிமிஷத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டால், பிறகு அதை ஈடுசெய்ய விரைந்தோட நேராது. ஆக 5 மணி 25 நிமிஷம். பந்தயத்தார் விதித்துள்ள கால வரம்புக்குள் இது அடங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்க. வீட்டாரிடம் மட்டும் 6 மணி நேரம் ஆகும் என்றே சொல்லிவைப்பது நல்லது. முடிவுக் கோட்டருகே எந்த இடத்தில் நின்றால் பார்க்கலாம் என்பதையும் முந்தின நாளே சொல்லிவிட்டால், தாயார் கூட்டத்தில் தேடி அலையமாட்டார்.